பதினான்கில் விட்ட மூச்சு

லாபம். இரண்டு. மூன்று. மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு அப்படியே நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள், நிறுத்தியிருக்கிறேன், நான்கு, வயிறு ஒட்டிப்போய் முதுகெலும்பைத் தொடுகிறாற்போல இருக்கிறது, ஐந்து, மூக்குக்கு நேர் மேலே ஒரு சாண் உயரத்தில் இந்தக் குழாயின் வெள்ளைக் கூரை, அதில் தலைமயிர் போல ஒரு கீறல், ஆறு, கீறலைப் பார்க்காதே, கண்ணை மூடு, ஏழு. தேங்காய் எண்ணுகிறவன் ஒன்று என்று சொல்லித் தொடங்கமாட்டான். லாபம் என்பான், அடுத்து இரண்டு. நாற்பத்தொரு வருடம் அப்படித்தான் எண்ணியிருக்கிறேன், எட்டு, சாகக் கிடந்தாலும் அப்படித்தான் வரும், ஒன்பது, சாகிற பேச்சு இப்போது எதற்கு, பத்து. இயந்திரம் காதுக்குள் இடிக்கிறது. மரப்பெட்டியை ஆணி அடித்து மூடுகிற சத்தம். பதினொன்று. பதினெட்டு வரை போகவேண்டும், அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம் என்று அந்தப் பெண் சொன்னாள், பன்னிரண்டு, நெஞ்சு சுடுகிறது, பதின்மூன்று, இதோ வருகிறது, அந்த எண் வருகிறது, அதைத் தாண்டு சென்னியப்பா, பதினான்கு, தாண்டு, தாண்டிவிட்டேன், பதினைந்து, பதினாறு, காதில் ரத்தம் அடிக்கிறது, பதினேழு, பதினெட்டு. சத்தம் நின்றது. “மூச்சு விடலாங்க ஐயா.” விட்டேன். தண்ணீரில் முங்கி எழுந்தவன் மாதிரி வாயால் இழுத்தேன். இந்த முறை சரியாக வந்திருக்கும். ஒரு எண் குறையவில்லை, ஒரு எண் கூடவில்லை, வந்தே ஆகவேண்டும். காதில் மாட்டியிருந்த கருவியில் கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு படம் எடுக்கிற அந்தப் பெண் ஜெசிந்தாவின் குரல். “ஐயா, இதுவும் ஆடிப்போச்சுங்க.” இது நான்காவது.

நான்கு. என் இடது சிறுநீரகத்தை ஒரு படம் எடுக்க நான்கு முறை மூச்சை நிறுத்தி, நான்கும் வீண். எடுக்கவேண்டியது மொத்தம் ஏழு படம். முதல் படம் சும்மா. அது தெளிவாக வந்தால்தான் கையில் குத்தி வைத்திருக்கும் ஊசி வழியாக மருந்தை ஏற்றுவார்கள், மருந்து ரத்தத்தோடு போய்ச் சிறுநீரகத்தில் ஏறி இறங்குவதை மீதி ஆறு படத்தில் பிடிக்கவேண்டும். மருந்தை ஒரு தடவைதான் ஏற்ற முடியும், ஆடுகிற ஆளுக்கு ஏற்றி வீணாக்க முடியாது என்று ஜெசிந்தா முதலிலேயே சொல்லிவிட்டாள். எல்லாம் ஒரு பொட்டுக்காக. கடலைப்பருப்பு அளவு ஒரு பொட்டு. என் மகள் கோகிலவாணிக்கு நான் கொடுக்கப்போகிற சிறுநீரகத்தின் மேல்முனையில் அது உட்கார்ந்திருக்கிறதாம். நீர்க்குமிழி என்றால் ஒன்றுமில்லை, சதை என்றால் கொடுக்க முடியாது. வயிற்றில் பசை தடவி ஸ்கேன் செய்து பார்த்ததில் தெரியவில்லை. சுற்றிச்சுழலும் இன்னொரு இயந்திரத்தில் பார்க்கலாமென்று அதற்கான மருந்தைப் போட்டார்கள், முகம் பரங்கிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. ஆக இது ஒன்றுதான் வழி. போன வாரம் இதே குழாய்க்குள் படுத்தேன், வேறொருவர் எடுத்தார், படம் கலங்கிப்போயிற்று. வருகிற வியாழக்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் கூடி உட்காருகிறார்கள். அதற்குள் தெளிவான படம் வரவில்லை என்றால் கொடுப்பவர் என்கிற இடத்திலிருந்து என் பெயரை எடுத்துவிட்டு, இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் சிறுநீரகத்துக்காகக் காத்திருக்கிற வரிசையில் அவளை நிறுத்திவிடுவார்கள். அவளுக்கு முன்னால் எத்தனை பேர் என்று கேட்டேன். அப்படியெல்லாம் சொல்ல முடியாது பெரியவரே என்றார்கள். எண்ண முடியாத வரிசையில் என் பிள்ளையை எப்படி விடுவேன்? ரத்தத்தைச் சுத்தம் செய்யக் கழுத்தில் குழாய் சொருகியிருக்கிறது அவளுக்கு. கையில் இரண்டு முறை நரம்பை இணைத்துப் பார்த்தார்கள், இரண்டும் அடைத்துப்போயிற்று. அடுத்து எந்த இடம் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

இடுப்பு வெறுமையாக இருக்கிறது. அதுதான் காலையிலிருந்து என்னவோ போல் இருக்கிறது, அதுவாகத்தான் இருக்கும். உள்ளே வருமுன் உலோகம் எதுவும் கூடாது என்று நர்ஸ் சொன்னாள். சட்டைப் பொத்தான், சாவி, பேனா எல்லாம் கொடுத்தேன். அரைஞாண் கயிற்றில் வெள்ளித் தாயத்து கோத்திருந்தது. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன், வருடக்கணக்கில் வேர்வை ஊறிக் கல்லாகிவிட்டது, அவிழவில்லை. “இருங்க, நான் பார்த்துக்கறேன்” என்று சொல்லிக் கத்தரியை எடுத்து ஒரே வெட்டு. நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் முடிந்துவிட்டது. ஆண்பிள்ளைக்கு அரைஞாணை அறுப்பது ஒரே ஒரு சமயத்தில்தான், அதை அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது, அறிமுகமில்லாத பெண்பிள்ளையிடம் இடுப்பைக் காட்டிக்கொண்டு நிற்பதே கூச்சமாக இருந்தது. பொட்டலத்தில் போட்டுக் கோகிலவாணி கையில் கொடுத்தாள். என் மகள், என் அம்மணி, அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அவளுக்குத் தெரியாதா? தெரியும். அவளுக்கு எல்லாம் தெரியும். எல்லாம் என்றால்? எல்லாம் இல்லை. ஒன்று மட்டும் தெரியாது. பதினான்கு அவளுக்குத் தெரியாது.

போன வாரம் ஐந்தாவது முறை மூச்சை நிறுத்தியபோது பத்துவரை நன்றாகத்தான் போனேன். பதினொன்றில் ஒரு படம் மனதில் வந்தது. படம் என்றால் இவர்கள் எடுக்கிற படமில்லை. களத்தில் மட்டை உரிக்கிற கடப்பாரை, தரையில் நட்டு வைத்திருப்பார்கள், நுனி மின்னும், காயை அதில் குத்தி ஒரு திருகு, மட்டை பிளந்துகொள்ளும். அந்த நுனிமேல் என் இடுப்பு இருந்தது. பன்னிரண்டில், இந்தப் படம் வராமல் போனால் என்ன என்று ஒரு நினைப்பு. பதின்மூன்றில், படம் வராவிட்டால் நான் இல்லை என்று சொன்னதாக ஆகாது, இயந்திரம் சொன்னதாகத்தான் ஆகும் என்று இன்னொரு நினைப்பு, அது என் குரலில் இல்லை, களத்தில் சரக்கு தள்ளிவிடப் பார்க்கிற வியாபாரியின் வழவழப்பான குரலில் இருந்தது. பதினான்கில் மூச்சை விட்டுவிட்டேன். முட்டியதால் விடவில்லை. இன்னும் நான்கு எண்ணுக்கு நெஞ்சில் இடமிருந்தது, எனக்கு அது தெரிந்தது. விட்டேன். வெளியே வந்ததும் படம் எடுத்த அந்த மனிதர், “முழுசா நிறுத்துனீங்களா பெரியவரே?” என்று கேட்டார். பதினெட்டு எண்ணினேன் என்றேன். லாரி லாரியாகக் காய் எண்ணியிருக்கிறேன், ஒரு நாளைக்குப் பன்னிரண்டாயிரம் காய்வரை, இரண்டு தரப்பும் என் எண்ணிக்கைக்கு மறுபேச்சுப் பேசாது, ஆனைமலையில் போய்க் கேட்டால் சொல்வார்கள். அப்படிப்பட்டவன் பதினான்கைப் பதினெட்டு என்றேன். யாரிடம்? மகளின் உயிரைப் படம் பிடிக்கிறவரிடம். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது உடம்பெல்லாம் லேசாக இருந்தது. அந்த லேசைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பள்ளிக்கூடம் லீவு என்று சொன்ன பிள்ளை மாதிரி இருந்தது. பேருந்தில் கோகிலவாணி என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தாள், அவள் கழுத்துக் குழாயின்மேல் ஒட்டியிருந்த வெள்ளைத் துணி என் சட்டையில் உரசிக்கொண்டே வந்தது, அப்போதுதான் லேசெல்லாம் இறங்கிக் கல்லாக உட்கார்ந்தது, இன்னும் எழுந்திருக்கவில்லை.

கதவு திறக்கிற சத்தம். படுத்திருக்கிற பலகை வெளியே நகர்கிறது. ஜெசிந்தாவின் முகம் தலைகீழாகத் தெரிந்தது, முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும், கண்ணுக்குக் கீழே களைப்பு. “கை கால் மரத்துப்போச்சுங்களா?” “இல்லீங்க.” “குளிருதுங்களா? நடுக்கம் ஏதாச்சும்?” “இல்லீங்க.” வயிற்றின்மேல் வைத்திருந்த கனமான பலகை போன்றதை எடுத்து மறுபடி வைத்தாள், வாரை இழுத்து இறுக்கினாள், மூச்சு ஏறி இறங்குவதைக் காட்டுகிற பட்டையை மார்புக்குக் கீழே நகர்த்தினாள். “ஒண்ணு சொல்லட்டுங்களா ஐயா? நீங்க மூச்சை நல்லாத்தான் நிறுத்தறீங்க. அந்தப் பட்டையில கோடு ஆடாம நேரா போகுது. ஆனா படத்துல உங்க கிட்னி ஒண்ணு இல்லீங்க, வரிசையா நாலு நிக்குது. ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணு, நிழலு மாதிரி. நாலு இருந்தா பொண்ணுக்கு ஒண்ணு போக எனக்கும் ஒண்ணு குடுங்களேன்.” சிரித்தாள். நான் சிரித்திருக்கவேண்டும், உதடு வரவில்லை. அவள் முகம் சட்டென்று மாறிற்று. “சும்மா சொன்னேங்க, பயப்படாதீங்க. தாறுமாறா ஆடினா படம் குழம்பிப்போகும். இப்படி ஒழுங்கா வரிசையா நிழல் விழணும்னா உள்ள ஏதோ ஒண்ணு தாளம் போட்ட மாதிரி ஆடணும். அது என்னன்னுதான் எனக்குப் பிடிபடலை. வேற மாதிரி எடுத்துப் பார்க்கறேன். நீங்க மூச்சை நிறுத்தவே வேண்டாம், சாதாரணமா விட்டு வாங்க. மூச்சு இறங்கி நிக்கற நேரம் பார்த்து மெஷினே எடுத்துக்கும். ஆறு நிமிஷம். ஒரே சீரா விடணும், அவ்வளவுதான்.” பலகை உள்ளே போயிற்று. கூரையில் கீறல் திரும்பி வந்தது.

சீராக. சீராக விடு. லாபம், உள்ளே, வெளியே. இரண்டு, உள்ளே, வெளியே. ஒவ்வொரு மூச்சின் அடியிலும் இயந்திரம் டக் டக் டக்கென்று ஒரு பிடி பிடித்துக்கொண்டு விடுகிறது. காட்டுக்குள் இருந்துகொண்டு என் மூச்சை எதுவோ வேவு பார்க்கிறாற்போல இருக்கிறது. ஒழுங்காக ஆடுகிறதாம். எது? நிறுத்தினேன் என்று நான் சொல்கிறேன், பட்டையும் சொல்கிறது, உள்ளே இருப்பது மட்டும் இல்லை என்கிறது. அப்படியானால் போன வாரம் பேசிய அந்தக் குரல் தொண்டையிலிருந்து இறங்கி இடுப்பில் போய் உட்கார்ந்துகொண்டதா? வாய் சரி என்கிறது, நெஞ்சு சரி என்கிறது, கொடுக்கவேண்டிய அந்த உறுப்பு மட்டும் தலையை ஆட்டி மாட்டேன் என்கிறதா? பதின்மூன்று, உள்ளே, வெளியே, பதினான்கு, சீ. மூச்சை நிறுத்தாதபோதுகூட இந்த எண்ணைத் தாண்டித்தான் போகவேண்டியிருக்கிறது. இருநூற்றுப் பதினொன்று. அதை எண்ணு, அதுதான் நீ எண்ணவேண்டியது. எழுபது வாரம், வாரத்துக்கு மூன்று, அதோடு நேற்றையது ஒன்று, இருநூற்றுப் பதினொன்று முறை அவள் ரத்தம் வெளியே வந்து சுத்தமாகித் திரும்ப உள்ளே போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். நான் வெளியே பெஞ்சில். பெஞ்சுக்கு எதிரே தரையில் நீளவாட்டில் இருபத்தாறு ஓடு, குறுக்குவாட்டில் ஒன்பது, ஒரு ஓடு உடைந்திருக்கிறது. நூற்று எண்பதாவது முறை வெளியே வந்தவள் நடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், “அப்பா, கால்ல நரம்பு சுண்டி இழுக்குதுங்” என்றாள், நான் கீழே உட்கார்ந்து அவள் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டேன், வருகிறவர் போகிறவர் பார்க்க, எனக்கு அன்றைக்குக் கூச்சமே வரவில்லை. அவளைப் பெற்றவள் பாவாத்தாளுக்குச் சர்க்கரை, முதல் வாரமே அவளை ஒதுக்கிவிட்டார்கள். மருமகனுக்கு ரத்தம் சேரவில்லை. சேர்ந்தது எனக்கு. பரிசோதனைத் தாளை டாக்டர் நீட்டினபோது பாவாத்தாள் என் காலைத் தொடப்போனாள், முப்பத்தாறு வருடத்தில் இல்லாத பழக்கம், அட எந்திரி புள்ளே என்று விரட்டினேன். அன்றைக்கு எனக்குப் பயமில்லை. சத்தியமாக இல்லை. எப்போது வந்தது? போன மாதம் ஒரு தாளைக் காட்டி, இங்கே கீறுவோம் என்று அறுக்கப்போகிற டாக்டர் பேனாவால் இழுத்தாரே, ஒரு கோடு, அப்போது வந்ததா? அன்றைக்குச் சாயங்காலம் கோகிலவாணி துணி மடித்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்: “பயமா இருந்துச்சுன்னா சொல்லிருங்ப்பா. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.” “பயமா? எனக்கா? போம்மணி” என்றேன். சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நிமிஷம் கதவு திறந்திருந்தது. அறுபத்தொரு வயதில் பயம் என்று சொல்ல வெட்கப்பட்டுப் பொய் சொன்னேன், அந்தப் பொய்யைக் காப்பாற்ற அடுத்த பொய், அந்தப் பொய்தான் இப்போது இடுப்புக்குள் தாளம் போடுகிறது. எழுபத்திரண்டு, உள்ளே, வெளியே. எழுபத்து மூன்று.

“ஐயா, இதுலயும் நிழல் விழுதுங்க.” “கேக்குதுங்களா ஐயா?” “கேக்குதுங்க.” அவளுக்குக் கேட்டிருக்குமா தெரியவில்லை. “டாக்டருக்கு போன் பண்ணினேன். வெளிய அடுத்த ஆள் வந்து காத்துட்டு இருக்காங்க. இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கலாம்னு சொன்னார். அதுவும் வரலைன்னா இறக்கிடறேங்க, என்ன?” இறக்கிடறேன். சரக்கு சரியில்லை என்றால் லாரியிலிருந்து அப்படித்தான் இறக்குவார்கள். கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்திருக்கிறார்கள், முடியவில்லை என்றால் அமுக்கச் சொல்லி. அமுக்கினால் என்ன சொல்வேன்? அம்மா ஜெசிந்தா, இது என் சிறுநீரகத்தின் வேலை இல்லை, நான்தான், பிடித்து வெளியே இழுத்துப் போடு என்னை, வயிற்றை அறுத்து இப்போதே எடுத்துக்கொள், படம் எதற்கு, பொட்டு எதற்கு? நீர்க்குமிழி என்று நான் எழுதித் தருகிறேன், கைநாட்டு வேண்டாம், எனக்கு ஐந்தாம் வகுப்புவரை எழுத்து தெரியும். கண்ணிலிருந்து காதுவரை ஒரு கோடு ஈரமாக இறங்குகிறது. துடைக்கக் கூடாது, துடைத்தால் ஆடும். இருநூற்றுப் பன்னிரண்டு நாளைக்கு. இருநூற்றுப் பதின்மூன்று வியாழன். டாக்டர்கள் கூடுகிற அதே வியாழன், அதே கட்டடம், அவர்கள் மேல்மாடியில் என் பெயரை அடிக்கிறபோது அவள் கீழ்மாடியில் ரத்தம் ஓடப் படுத்திருப்பாள். இருநூற்றுப் பதினான்கு. போதும். எத்தனைவரை எண்ணுவது? எந்த எண்ணில் நிற்கும் இது? எல்லா எண்ணுக்கும் ஒரு கடைசி எண் உண்டு, நூற்றுக்கு ஒரு காயை அடையாளத்துக்குத் தனியாக எடுத்து வைப்போம், கடைசியில் அடையாளக் காய்களை எண்ணினால் கணக்கு முடிந்தது. இவளுக்கு யார் அடையாளக் காய் எடுத்து வைக்கப்போகிறார்கள்?

காதுக்குள் பேச்சுச் சத்தம். என்னிடம் இல்லை. ஜெசிந்தா பேசுகிற பொத்தானை அணைக்க மறந்திருக்கவேண்டும், கண்ணாடிக்கு அந்தப்புறம் அவர்கள் பேசுவது எனக்கு விழுந்தது. “நீங்களே பாருங்கக்கா, இதோ இந்த இடம். நொடிக்கு ஒரு ஆட்டம். இதயம் அடிக்கறது இல்லை, அது இதைவிட வேகம். மூச்சும் இல்லை. என்னவா இருக்கும், உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?” அக்கா என்றால் என் மகள். கண்ணாடியோரம் அவளை உட்காரவிட்டிருக்கிறார்கள். நாற்காலி நகர்கிற சத்தம். பிறகு கோகிலவாணியின் குரல், மெதுவாக: “எண்ணறாருங்க.” “என்னது?” “அப்பா எண்ணிட்டு இருக்காருங்க. அவரு எதையும் எண்ணாம இருக்க மாட்டாரு. களத்துல கைக்கு ஒரு காயா ரெண்டு காயை எடுத்து வீசுவாங்க, அது ஒரு எண்ணு. வீசறப்ப இடுப்பு ஒரு வெட்டு வெட்டும், இடது பக்கம். நாப்பது வருசமா அதே வேலைங்க. சும்மா உக்காந்து மனசுக்குள்ள எண்ணினாக்கூட அந்த வெட்டு வந்துரும். அவருக்கே தெரியாது.” “நிஜமாவா?” “சின்னதுல அவரு வயித்து மேல தலை வெச்சுப் படுத்துக்குவேன். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துல எங்க வீடு. மத்தியானம் கூட்ஸு வண்டி போனா பெட்டியை எண்ணுவாரு. பெட்டிக்குப் பெட்டி என் தலையைத் தூக்கித் தூக்கிப் போடும். வெளிய பார்த்தா ஒண்ணுமே தெரியாதுங்க, காதை வெச்சாத்தான் தெரியும்.” ஜெசிந்தா சிரித்தாளா, மூச்சை இழுத்தாளா தெரியவில்லை. “அக்கா, இந்தாங்க, நீங்களே பேசுங்க அவர்கிட்ட.”

எண்ணுகிறேன். எண்ணியதால் ஆடியிருக்கிறது. அப்படியானால் அந்த வழவழப்பான குரல் இல்லை, இன்றைக்கு அது இல்லை, மாட்டேன் என்று எதுவும் சொல்லவில்லை, இடுப்பு தன் பாட்டுக்குக் காய் வீசிக்கொண்டிருந்திருக்கிறது. மனசு பொங்கிக்கொண்டு வந்தது, உடனே அடங்கிற்று. எண்ணாமல் எப்படி இருப்பது? எண்ணாவிட்டால் பதினான்கு எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. இருட்டில் கிணற்றுமேட்டில் நடக்கிறவன் மாதிரி, எந்த அடியில் விழுவேன் என்று தெரியாமல். எண்ணிக்கொண்டு போனால் அந்த எண் வருவது தெரியும், பல்லைக் கடித்துத் தாண்டலாம், தாண்டினேன் என்பதற்குச் சாட்சியும் இருக்கும். எண்ணாதவனுக்கு யார் சாட்சி? “அப்பா.” என் காதோடு கேட்டது. “சொல்லு அம்மணி.” “எண்ணாதீங்ப்பா.” “தானா வருதும்மணி.” “வரும். நீங்க விட்டுருங். நான் எண்ணிக்கறேன்.” “நீ எண்ணுவியா?” “எண்ணுவேன். உங்க மூச்சு இங்க திரையில கோடா ஓடுதுங். எங்க நிறுத்தினீங்க, எங்க விட்டீங்க, எல்லாம் தெரியும்.” காற்றுச் சத்தம். “போன வாரமும் நான்தாங்ப்பா இங்க உக்காந்து எண்ணிட்டு இருந்தேன்.”

போன வாரமும். கை தானாகப் பந்தை இறுக்கப்போயிற்று, இறுக்கவில்லை. போன வாரம் அவள் இதே கண்ணாடிக்குப் பின்னால். ஐந்தாவது முறை. கோடு நேராகப் போகிறது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, அவள் உதடு அசைகிறது, பதின்மூன்று, பதினான்கில் கோடு குதிக்கிறது. பிறகு நான் வெளியே வந்து பதினெட்டு என்கிறேன், அவளும் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். பிறகு என் தோளில் சாய்ந்து தூங்குகிறாள். தூங்கினாளா? ஒன்றும் சொல்லாமல் ஒரு வாரம், கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள், சட்டையில் பொத்தான் தைத்துக் கொடுத்தாள், இன்றைக்குக் காலையில் பத்துமணிக்கெல்லாம் கிளப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். திட்டியிருக்கலாம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டாளே, அதற்கு முன்பே கேட்டாள், துணி மடித்துக்கொண்டு. “அம்மணி” என்றேன். அதற்கு மேல் வந்ததெல்லாம் எண்ணாக இருந்தது. “பேசாதீங்ப்பா. ஒண்ணு செய்யுங். வயித்து மேல ஒரு பலகை வெச்சிருக்காங்கல்ல, கனமா?” “ஆமா.” “அது என் தலைன்னு நினைச்சுக்கங். நான் தூங்கிட்டேன்னு வெச்சுக்கங். அப்ப என்ன செய்வீங்க?”

அப்போது என்ன செய்வேன்? அவள் மூச்சு கனத்து வரும், எச்சில் வடிந்து என் பனியன் நனையும், வண்டி இன்னும் போய்க்கொண்டிருக்கும், இருபத்தெட்டு, இருபத்தொன்பது, அங்கே விட்டுவிடுவேன். எண்ணினால் பிள்ளை விழித்துக்கொள்ளும் என்று எனக்கு எப்படித் தெரிந்திருந்தது? தெரியவில்லை, ஆனால் விட்டுவிடுவேன். எத்தனையோ வண்டிகள் பாதிக்குமேல் எண்ணாமலே போயிருக்கின்றன. என் வாழ்க்கையில் நான் எண்ணாமல் விட்டவை அவை மட்டும்தான். “ஐயா, கடைசித் தடவைங்க” என்றாள் ஜெசிந்தா. “மூச்சை உள்ள இழுங்க. வெளிய விடுங்க. முழுசா விடுங்க. அப்படியே நிறுத்துங்க.” நிறுத்தினேன். லா. இல்லை. விடு. இயந்திரம் இடிக்கத் தொடங்கிற்று, வண்டி வந்துவிட்டது, பெட்டி பெட்டியாகப் போகிறது, போகட்டும். நாக்கின் அடியில் எண் முட்டுகிறது, இரண்டு என்று ஒன்று, ஐந்து என்று ஒன்று, வரிசைகூட இல்லாமல், கூடையிலிருந்து கொட்டின மாதிரி, எதையும் எடுக்காதே, உருளட்டும். தலை கனமாக இருக்கிறது வயிற்றின்மேல். சின்னத் தலைதான், ஆனால் தூங்கினால் கனம் கூடிவிடும். நெஞ்சு சுடத் தொடங்குகிறது. எங்கே இருக்கிறேன்? பத்தா? பதினாறா? பதினான்கு போய்விட்டதா, இனிமேல்தானா? தெரியவில்லை. தெரியாத இடத்தில் நிற்கிறேன். கடப்பாரை நுனி வந்தது, மின்னிற்று, அது எத்தனையாவது எண்ணில் வந்தது என்று தெரியாததால் எங்கே கால் வைப்பதென்று அதற்கும் தெரியவில்லை போலிருக்கிறது, போய்விட்டது. கூரைக் கீறல். காது அடைக்கிறது. பயமாக இருக்கிறது அம்மணி, எனக்குப் பயமாக இருக்கிறது, இதை அன்றைக்குச் சொல்லியிருக்கவேண்டும், இப்போது சொல்ல மூச்சு இல்லை, இருக்கிற மூச்சு உன் தலைக்கடியில் இருக்கிறது, அதை அசைக்கமாட்டேன். அசைக்கமாட்டேன். தூங்கு. சத்தம் போய்க்கொண்டே இருக்கிறது, இத்தனை நீள வண்டி உண்டா, உண்டு, இருக்கும், எண்ணியவனுக்குத்தானே நீளம் தெரியும்.

நின்றது. “மூச்சு விடலாங்க.” விட்டேன். இழுத்தேன். பலகை வயிற்றோடு ஏறி இறங்கிற்று. காற்றுச் சத்தம் மட்டும், வெகுநேரம், எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. ஜெசிந்தா எதுவோ சொன்னாள், பொத்தானை அமுக்காமல் சொன்னாளோ என்னவோ, எனக்குச் சொல் விளங்கவில்லை. பிறகு ஊசி குத்தியிருந்த கையில் ஜில்லென்று ஒன்று இறங்கி, முழங்கையைத் தாண்டித் தோளுக்கு ஏறிற்று. மருந்து. மருந்தை ஏற்றுகிறார்கள். ஆடுகிற ஆளுக்கு ஏற்றமாட்டார்கள். “அம்மணி” என்றேன், “எத்தனை?” மூக்கை உறிஞ்சுகிற சத்தம் முதலில் வந்தது. “லாபங்ப்பா” என்றாள். “இன்னும் ஆறு இருக்குது. நீங்க எண்ண வேண்டாங்.”